சவ்வுப் புரதங்களுக்கு ஆன்டிபாடி மருந்து: கேட்டதும் சொன்னதும்

முதுகலை மாணவி: அக்கா, சில மார்பகப் புற்றுசெல்களில் மிகுந்திருக்கும் ஹெர்2 என்ற சவ்வுப் புரதத்துக்கு 1998-லேயே ட்ராஸ்டுசுமாப் என்ற ஆன்டிபாடி மருந்து வந்துவிட்டது. ஜிபிசிஆர் (வெளியிலிருந்து வரும் சேதியைச் செல்லுக்குள் சொல்லும் ஏற்பி வகை), அயன் சேனல் (அயனிகள் போய்வரும் துளை) என்றால் மட்டும் ஏன் இத்தனை இழுபறி?

ஹெர்2 செல்லுக்கு வெளியே பெரிய தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தலையை மட்டும் தனியாகத் தயாரித்து எலிக்கு ஊசி போட்டு, எலி உருவாக்கும் ஆன்டிபாடியை எடுக்கலாம். ஜிபிசிஆர் சவ்வை ஏழு முறை துளைத்துப் போகிறது. பலவற்றில் வெளியே தெரிவது சின்னச் சின்ன வளையங்கள்தான். டிடர்ஜென்ட் போட்டு சவ்விலிருந்து உருவினால் பெரும்பாலும் வடிவம் குலையும். குலைந்ததை எலிக்குக் கொடுத்தால் குலைந்ததற்குத்தான் ஆன்டிபாடி கிடைக்கும். எலைசா தட்டில் (ஆன்டிபாடி ஒட்டினால் நிறம் காட்டும் சோதனை) பளிச்சென்று மஞ்சள் காட்டும், உயிருள்ள செல்லில் ஒட்டவே ஒட்டாது. அந்த மஞ்சளை நம்பி நான் எட்டு மாதம் தொலைத்திருக்கிறேன்.

பயோடெக் வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்: அப்போ எலிக்கு எதைத்தான் கொடுப்பது மேடம்?

புரதத்தை நிறையத் தாங்கும் செல், அதைப் பதித்த வைரஸ் போன்ற துகள், நானோடிஸ்க் (புரதத்தைத் தாங்கும் குட்டிச் சவ்வுத் துண்டு), புரதத்துக்கான செய்முறையைச் சுமக்கும் எம்ஆர்என்ஏ என்று வழிகள் உண்டு. எம்ஆர்என்ஏ என்றால் விலங்கின் செல்லே புரதத்தைச் சரியாக மடித்துக் காட்டும்; என் ஓட்டு அதற்கே. ஆனால் மனிதப் புரதமும் எலிப் புரதமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், எலி 'இது நம்ம ஆள்' என்று சும்மா இருந்துவிடும். அப்போது கோழிக்குப் போங்கள். லாமாவும் நல்ல தேர்வு. அதன் ஆன்டிபாடியிலிருந்து எடுக்கும் நானோபாடி என்ற சிறு துண்டு சாதாரண ஆன்டிபாடியில் பத்தில் ஒரு பங்கு எடைதான், இடுக்கில் விரல் நுழைப்பதுபோல நுழையும்.

ஒன்று மறக்காதீர்கள்: ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (ஒவ்வொரு செல்லிலும் ஆன்டிபாடி ஒட்டியதா என்று ஒளியால் பார்க்கும் சோதனை) அந்தப் புரதம் இல்லாத அதே செல்லையும் பக்கத்தில் ஓட்டுங்கள். இரண்டிலும் சிக்னல் நகர்ந்தால் அந்த குளோன் (ஒரே ஆன்டிபாடியைத் தரும் செல் வரிசை) குப்பைக்கு.

ஒரு வாசகர்: அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி. எரினுமாப் ஊசி இந்த வகையா?

ஆமாம். ஒற்றைத் தலைவலியில் பங்குள்ள சிஜிஆர்பி என்ற பொருளின் ஏற்பியை, ஒரு ஜிபிசிஆரை, மறிக்கிறது; அமெரிக்காவில் 2018-இல் அனுமதி. அந்த ஏற்பிக்கு வெளிப்பகுதி கொஞ்சம் பெரிது, அதனால் பிடி கிடைத்தது. தலைவலி வராமல் தடுக்க மாதம் ஒருமுறை போடுவது. வந்த வலிக்கு அல்ல. அம்மாவுக்குச் சரிவருமா என்பதை நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஆய்வு மாணவர்: வலியைக் கடத்தும் நரம்புகளில் உள்ள நாவ்1.7 என்ற அயன் சேனலை மறிக்கும் ஆன்டிபாடி எலிகளில் வலியைக் குறைத்ததாக 2014-இல் கட்டுரை வந்ததே, என்ன ஆயிற்று?

2016-இல் வேறொரு குழு வெளியிடப்பட்ட அதே அமினோ அமில வரிசையை வைத்து ஆன்டிபாடி தயாரித்துப் பார்த்தது, அது சேனலில் ஒட்டவும் இல்லை, சேனல் மறிபடவும் இல்லை. ஒட்டினாலும்கூட, ஒட்டுவது வேறு, மறிப்பது வேறு. பேட்ச் கிளாம்ப் (சேனல் வழியே ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் முறை) பார்க்காமல் நான் எந்த குளோனையும் கொண்டாடுவதில்லை.

அதே மாணவர்: அப்போ சேனலுக்கு ஆன்டிபாடி வேலைக்கே ஆகாதா?

அப்படிச் சொல்ல முடியாது. 1973-இல் மின்விலாங்கின் அசிட்டைல்கோலின் ஏற்பியை முயலுக்குள் செலுத்தினார்கள். அதுவும் ஓர் அயன் சேனல்தான். முயல்களின் தசைகள் தளர்ந்து துவண்டன, தசைகள் சோர்ந்துபோகும் மயஸ்தீனியா கிராவிஸ் நோயாளிகளைப் போல. அந்த நோயில் ஆன்டிபாடி பெரும்பாலும் துளையை அடைப்பதில்லை. பக்கத்துப் பக்கத்து ஏற்பிகளைக் கோத்துப் பிடித்து செல்லுக்குள் இழுக்க வைக்கிறது, காம்ப்ளிமென்ட் என்ற நோய் எதிர்ப்புப் புரதங்களையும் கூப்பிட்டுச் சவ்வைச் சேதப்படுத்துகிறது. துளையை அடைக்கும் குளோனையே தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், சேனலைச் சவ்விலிருந்து உள்ளே இழுக்கும் குளோன் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.