விக்டோரியா கால இங்கிலாந்துக் கிராமத்தில் பாதிரியாருக்கு வருமானம் எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் தசமபாகத்திலிருந்து, அதாவது நிலத்து விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு. முன்பெல்லாம் பத்தாவது கதிர்க்கட்டு, பத்தாவது ஆட்டுக்குட்டி, பால், முட்டை என்று பொருளாகவே வாங்கினார்கள். அதில் ஓயாத சண்டை. விவசாயி கூடுதலாக உரம் போட்டு விளைவித்தால் அதிலும் பத்தில் ஒன்று போய்விடும். யாருக்குத்தான் வயிறு எரியாது? அதனால் 1836-ல் வந்த சட்டம் அதைப் பணமாக மாற்றியது. கோதுமை, பார்லி, ஓட்ஸ் மூன்றின் ஏழாண்டுச் சராசரி விலையைப் பார்த்துத் தொகை ஏறும், இறங்கும். விலைவாசியோடு நகரும் அகவிலைப்படி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றாண்டின் கடைசியில் தானிய விலை சரிந்தபோது பாதிரியார் வீட்டு வரும்படியும் கூடவே சரிந்தது.

இதைப் பக்தர்கள் மனமுவந்து போட்ட காணிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, கட்டவேண்டிய பொறுப்பு நிலத்தின் மேல் இருந்தது; அந்தத் தேவாலயத்துப் பக்கமே போகாத மெதடிஸ்ட் (தனிக் கிறித்தவப் பிரிவு) விவசாயியும் கட்டித்தான் ஆக வேண்டியிருந்தது.