வளையத்தின் நுனி எந்தப் பக்கம் மடிகிறது?

கேள்வி: நிலாவெளியில் இரண்டு மாடி வீடு கட்டுகிறோம். கீழே சுவரில்லாமல் தூண்கள் மட்டும், வாகனம் நிறுத்த. பூமியதிர்ச்சிக்குத் தாங்க கம்பியை இரட்டிப்பாக்கச் சொல்கிறார் மைத்துனர். "இங்க எங்க பூமி ஆடுது" என்று சிரிக்கிறார் மேசன். எது சரி?

பதில்: மேசன் சொல்வது முக்கால்வாசி சரி. புவித்தட்டுகள் உரசும் சுமாத்திரா, அந்தமான் பக்கம் நமக்கு ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால். 2004இல் நம்மை அழித்தது கடல்தான், ஆட்டமல்ல. ஆனால் 1615இல் கொழும்பு குலுங்கிச் சேதப்பட்டதும் பதிவில் இருக்கிறது. அரிது, அவ்வளவுதான்.

இரட்டிப்புக் கம்பி மட்டும் வேண்டாம். பீமில் அள்ளிப் போட்டால் பீம் தூணைவிடப் பலமாகி, முதலில் தூண்தான் முறியும். பீம் வளைந்தால் வீடு விரிசலோடு நிற்கும். தூண் முறிந்தால் மேல்மாடி கீழே வந்துவிடும். பலமான தூண், அதற்கு இளகிக் கொடுக்கும் பீம் என்ற இந்த முறையை நியூசிலாந்தின் கன்டபரி பல்கலைக்கழகத்தில் பார்க், போலே இருவரும் எழுபதுகளிலேயே கணக்கோடு வகுத்துவிட்டார்கள்.

காசு போக வேண்டிய இடம், தூணில் நெட்டாக நிற்கும் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம். 1971இல் கலிபோர்னியாவில் புதிதாகக் கட்டிய ஒரு மருத்துவமனையின் கீழ்த்தளம் பக்கவாட்டில் இரண்டடியளவு சாய்ந்தது. நெருக்கமான சுருள் கம்பி சுற்றிய தூண்கள் வெளிக்கொங்கிறீற்று உதிர்ந்தும் பாரத்தைத் தாங்கி நின்றன. தனித்தனி வளையம் போட்ட மூலைத்தூண்கள் நொறுங்கிப் போயின.

நாளைக்கே சைட்டில் ஒரு சதுர வளையத்தைக் கையில் எடுத்து, இரு நுனியும் சந்திக்கும் மூலையைப் பாருங்கள். எல் எழுத்துப்போல் மடித்திருந்தால், வெளிக்கொங்கிறீற்று உதிர்ந்ததும் வளையம் வாய் பிளக்கும். நெட்டுக்கம்பி வில்லாகப் பிதுங்கும். நுனியைத் தூணின் நடுவை நோக்கி 135 பாகைக்கு மடிக்கச் சொல்லுங்கள். மடித்த நுனி 65 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. வளையத்துக்கு நாலைந்து அங்குலக் கம்பி கூடும், மேசன் கொஞ்சம் முணுமுணுப்பார். சரி, முணுமுணுக்கட்டும்.

பத்தடித் தூணென்றால் மேலும் கீழும் இருபது அங்குலத்துக்கு வளையத்தை நெருக்கிப் போடுங்கள். நெட்டுக்கம்பி 12 மில்லிமீற்றரென்றால் வளையங்களின் இடைவெளி 72 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. நெட்டுக்கம்பியோடு அடுத்த கம்பியைச் சேர்த்துக் கட்டும் ஒட்டு தரைமட்டத்தில் வேண்டாம், தூணின் நடுப்பகுதியில் வரட்டும்.

எனக்கு உண்மையில் பயம் உங்கள் திறந்த கீழ்த்தளத்தில்தான். 2001இல் குஜராத்தின் பூஜ் பக்கம் ஆடியபோது, 200 கிலோமீற்றருக்கு அப்பால் அகமதாபாத்தில் விழுந்தவற்றில் பல, கீழே வாகனத்துக்கென்று தூண்களில் விட்ட மாடிகள். மேலே சுவர் விறைப்பு, கீழே வெறுங்கால். மூலைகளிலாவது, இரண்டு திசைக்கும் கொங்கிறீற்றுச் சுவர் வைக்க முடியுமா என்று பொறியியலாளரிடம் கேளுங்கள். ஒன்பது அங்குலத் தூணையும் பன்னிரண்டாக்கச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் உப்புக்காற்று. தூணில் வெளியே நிற்பது வளையம்தான், துரு முதலில் அதைத்தான் தின்னும். கடற்கரை மணலை அண்ட விடாதீர்கள். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே 40 மில்லிமீற்றர் சீமெந்துக் கட்டை வைத்திருக்கிறார்களா என்று, பலகை அடைக்கும் முன் குனிந்து பாருங்கள்.