மரம் வெட்டுவதற்கு முன் தொல்லியல் கள ஆய்வு எதற்காக?

மரத்தைத் தரைக்கு மேலே தறிக்கும்போது மண்ணுக்குள் இருப்பது எப்படிச் சேதமாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். சேதம் கோடரியால் வருவதில்லை. மரக்குற்றிகளை இழுத்துச் செல்லும் கனரக இயந்திரங்களாலும், அவற்றுக்காக வெட்டப்படும் பாதைகளாலும், வேரோடு பிடுங்கும் வேலையாலுமே வருகிறது. காட்டுமண் உழப்படாதது என்பதால் பழைய குடியிருப்பின் ஓடுகளும் சாம்பலும் பெரும்பாலும் ஒரு முழ ஆழத்துக்குள்ளேயே, கிடந்தபடியே கிடக்கின்றன. அந்த அடுக்கு ஒருமுறை கலைந்தால், பொருள் கையில் கிடைத்தாலும் அது எதனோடு, எந்தக் காலத்து மண்ணில் கிடந்தது என்பதை மீட்க முடியாது. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் ஆனைக்கோட்டையில் அகழ்ந்த புதைகுழியில் எலும்புக்கூட்டின் அருகே எழுத்துப் பொறித்த முத்திரை இருந்தது. அந்த அருகாமைதான் அதன் பெறுமதி. இலங்கையின் வில்பத்துக் காட்டினுள் பொம்பரிப்பில், இறந்தோரை அடக்கிய ஈமத்தாழிகள் இருப்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

ஆய்வாளர்கள் முதலில் பழைய வரைபடங்களையும், வானிலிருந்து பாய்ச்சும் லேசர் ஒளியால் இலைகளின் இடைவெளிகளூடாக நிலத்தின் மேடுபள்ளத்தைக் காட்டும் லைடார் பதிவுகளையும் பார்ப்பார்கள். பின்னர் வரிசையாக நடந்து, குறித்த இடைவெளிகளில் மண்வெட்டியால் சிறு குழிகள் தோண்டி, மண்ணை அரிதட்டில் அரிப்பார்கள். தேனுக்கும் விறகுக்கும் அக்காட்டுக்குள் போய்வந்த முதியவர்களைக் கேட்பதும் இதற்குள் அடங்க வேண்டும். தூர்ந்த குளக்கட்டை அவர்களே முதலில் காட்டுவார்கள். ஏதும் தென்பட்டால் வெட்டுதல் முழுவதும் நிற்பதில்லை, அவ்விடத்தைச் சுற்றி எல்லையிட்டுப் பாதையை விலக்குவதே வழக்கம்.

சில இடங்களில் மண்ணுக்குள் இருப்பது மட்டுமல்ல, மரமும் தொல்லியல் சான்றாகும்: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1846க்கு முன் பழங்குடியினர் பட்டை உரித்த மரங்களும் சட்டப் பாதுகாப்புப் பெறுகின்றன.