அப்பப்பாவின் வில்லியர்ஸ் இஞ்சினில் பொறி வரவில்லை என்றால்

வணக்கம் தம்பி. அப்பப்பாவின் புல்வெட்டும் மெசினில் பிளக்கில் தீப்பொறி வரவில்லை, பழைய இஞ்சினை எறிந்துவிட்டுப் புதிது போடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து எறியாதீர்கள். மூடியில் வில்லியர்ஸ் என்று இருப்பதால் அது இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் கம்பனியின் வடிவமைப்பு. எங்கள் கிணற்றடியில் வெங்காயத் தோட்டத்துக்கு இறைத்ததும் வில்லியர்ஸ்தான். 90களில் போரால் பெற்றோல் தடை இருந்தபோது, சொட்டுப் பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அவ்வளவு பொறுமையான இஞ்சின்.

சரி, பிளைவீலைக் (காந்தம் பதித்த சுழல்சக்கரம்) கழற்றி, பொயின்ற்ஸைப் (திறந்து மூடும் மின்தொடுப்பு) பாருங்கள். பிளைவீலைக் கழற்றச் சுத்தியலால் அடிக்கவே வேண்டாம், காந்தம் பலவீனமாகும், தண்டும் வளையும். சும்மா கிடந்த இஞ்சினில் பொயின்ற்ஸ் முகத்தில் களிம்பு படிந்திருக்கும். மெல்லிய மண்தாளால் தேய்த்து, பெற்றோலால் துடைத்து, இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வையுங்கள். எனக்கு இதிலேயே சரிவந்தது. வராவிட்டால் அடுத்தது கொண்டென்சர், அதாவது பொயின்ற்ஸோடு இணைந்த சிறு மின்தேக்கி. பழையதின் வயரை விலக்கிவிட்டு, மோட்டார் சைக்கிள் கொண்டென்சர் ஒன்றை வெளியே பூட்டிப் பாருங்கள். கொயிலை (பொறிக்கு மின்சாரம் தரும் கம்பிச்சுருள்) கடைசியில் சந்தேகித்தால் போதும்.

சாமான் கிடைக்குமா என்று கேட்டீர்கள். வில்லியர்ஸின் 'மார்க்' என்று பெயரிட்ட சில மாடல்களை இந்தியாவிலும் உரிமம் பெற்றுச் செய்தார்கள், அதனால் தேடிப் பார்க்கலாம். இஞ்சின் உடலில் குத்தியிருக்கும் இலக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள். அதன் முன்னெழுத்துகளை வைத்து எந்த மாடல் என்று பார்த்துச் சொல்கிறேன்.