முடிவு தெரிந்த பழைய டென்னிஸ் ஃபைனலை முழுசாக உட்கார்ந்து மறுபடி பார்ப்பதில் என்ன இருக்கிறது?

எல்லா ஃபைனலும் அப்படிப் பார்க்க லாயக்கில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று நேர் செட்டில் முடிந்துபோன ஆட்டங்களை நானும் ஓட்டி ஓட்டித்தான் பார்ப்பேன். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது, ஸ்கோர்கூட மனப்பாடமாகத் தெரிந்த ஆட்டத்தை, அதுவும் பத்து நிமிடத் தொகுப்பு யூடியூபில் சும்மா கிடைக்கும்போது, டிவிடி போட்டு நாலு மணி நேரம் எதற்குப் பார்க்க வேண்டும் என்று. இதற்கு என்னிடம் உள்ள பதில் ஒரே ஒரு ஆட்டம்தான்: 1980 விம்பிள்டன் ஆண்கள் இறுதிப் போட்டி, பியான் போர்க் எதிர் ஜான் மெக்கன்ரோ.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஜூலை 5, 1980, சனிக்கிழமை. அப்போதெல்லாம் ஆண்கள் ஃபைனல் சனிக்கிழமைதான், ஞாயிறுக்கு மாறியது 1982இல். போர்க்குக்கு வயது 24, அதற்குள் தொடர்ந்து நாலு வருடம் விம்பிள்டன் ஜெயித்தவர். மெக்கன்ரோவுக்கு 21. 1-6, 7-5, 6-3, 6-7, 8-6 என்று போர்க் ஜெயித்தார், ஆட்டம் 3 மணி 53 நிமிடம். அந்த நாலாவது செட் டை-பிரேக்தான், அதாவது 6-6 என்று சமமான செட்டை முடிக்க ஆடுகிற கூடுதல் கேம்தான், எல்லோரும் பேசுவது. 18-16, மொத்தம் 34 பாயின்ட். ஒரு முழு செட்டையே 24 பாயின்டில் ஜெயித்துவிட முடியும் என்பதை வைத்துப் பாருங்கள், இது எவ்வளவு நீளம் என்று புரியும். டை-பிரேக்குக்கு முன்னாலேயே 5-4, 40-15 என்று சர்வ் போட்டுக்கொண்டிருந்தபோது போர்க்குக்கு இரண்டு மேட்ச் பாயின்ட், அதாவது எடுத்தால் ஆட்டமே முடிகிற பாயின்ட், கிடைத்துப் போய்விட்டது. டை-பிரேக்குக்குள் இன்னும் ஐந்து. ஆக ஏழு தடவை கோப்பை கைக்கு வந்து நழுவியது. மெக்கன்ரோவுக்கும் அதே பாடுதான், ஏழாவது செட் பாயின்டில்தான் அவரால் அந்த செட்டை முடிக்க முடிந்தது.

இதுதான் எல்லாத் தொகுப்பிலும் வரும். சிக்கலும் இங்கேதான். தொகுப்பு போடுகிறவர்கள் டை-பிரேக்குக்கு முக்கால்வாசி நேரத்தைக் கொடுத்துவிட்டு, அப்புறம் போர்க் மண்டியிடும் காட்சியை ஒட்டவைத்து முடித்துவிடுகிறார்கள். விளைவு என்னவென்றால், மெக்கன்ரோதான் ஜெயித்தார் என்று சத்தியம் செய்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் தப்பில்லை. அந்த இருபது நிமிடத்தை மட்டும் பார்த்தால் எனக்கே அப்படித்தான் தோன்றும், ஏனென்றால் அதற்கப்புறம் நிமிர்ந்து நிற்கிற ஆள் மெக்கன்ரோ, ஏழு வாய்ப்பையும் விட்டவர் போர்க். இப்படி ஒரு செட்டை இழந்தவன் அடுத்த செட்டில் உதிர்ந்துவிடுவான் என்பதுதான் நியாயமான எதிர்பார்ப்பு. மெக்கன்ரோவும் தான் ஜெயித்துவிடுவோம் என்றே அப்போது நினைத்ததாகப் பிற்பாடு சொல்லியிருக்கிறார். தோற்றுவிடுவோமோ என்று தனக்குத் தோன்றியதாக போர்க்கும் சொல்லியிருக்கிறார்.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு தனிக் கூத்து உண்டு. லண்டனில் இருந்த பெரியப்பா டிவியிலிருந்து பதிவு செய்த விஎச்எஸ் கேசட் ஒன்று எண்பதுகளின் நடுவில் எங்களிடம் வந்து சேர்ந்தது. அது இ-180 கேசட், அதாவது சாதாரண வேகத்தில் மூன்று மணி நேரம்தான் ஏறும். ஆட்டமோ 3 மணி 53 நிமிடம். கணக்கு போட்டால் தெரியும், கடைசி ஐம்பது நிமிடத்துக்கு மேல் அதில் கிடையாது. டேப் தீர்ந்து டெக் தானாகவே ரீவைண்ட் ஆக ஆரம்பிக்கும். யார் ஜெயித்தது என்று ஊருக்கே தெரியும், ஆனால் எப்படி ஜெயித்தார் என்பதை நாங்கள் பார்த்ததே இல்லை. விடுமுறையில் வருகிற உறவுக்காரப் பையன்கள் எல்லோருக்கும் அண்ணன் அதைப் போட்டுக் காட்டி, முடிந்ததும் மீதியை வாயாலேயே சொல்வான், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி. முழு ஆட்டமும் டிவிடியாக வந்தபிறகுதான் ஐந்தாவது செட்டைக் கண்ணால் பார்த்தேன்.

நான் சொல்ல வருவதும் அதைப் பற்றித்தான். இந்த ஆட்டத்தின் உயிர் டை-பிரேக்கில் இல்லை, ஐந்தாவது செட்டில் போர்க் போட்ட சர்வில் இருக்கிறது. முடிவு தெரியாமல் பார்க்கிறவனுக்கு இது கண்ணில் படாது. அவன் பதற்றத்தில் பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்த செட்டில் முதல் கேம் போர்க்குடைய சர்வ். எடுத்த எடுப்பில் 0-30, அதாவது முதல் இரண்டு பாயின்டும் போச்சு. சரி, முடிந்தது கதை என்று நினைக்கிற இடம். அங்கிருந்து நாலு பாயின்ட் எடுத்து அந்த கேமைக் காப்பாற்றுகிறார். அதற்கப்புறம் நடப்பதை நீங்கள் காகிதத்தில் குறித்துக்கொண்டே பார்க்க வேண்டும். அந்த செட்டில் போர்க் ஏழு தடவை சர்வ் போடுகிறார். ஏழு கேமிலும் சேர்த்து தன் சர்வில் அவர் இழந்தது மூன்றே பாயின்ட், அதில் இரண்டு அந்த முதல் 0-30. மீதி ஆறு கேமுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று! எதிரே நிற்பவர் யார், சற்று முன்தான் ஏழு மேட்ச் பாயின்டைத் தட்டிப் பறித்தவர். மூன்றரை மணி நேரம் ஓடிய கால், ஏழு தடவை ஏமாந்த மனசு, இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் இப்படி சர்வ் போட்டிருக்கிறான்.

இதன் இன்னொரு பக்கத்தையும் கவனியுங்கள். போர்க் முதலில் சர்வ் போட்டதால் மெக்கன்ரோ அந்த செட் முழுக்க ஸ்கோரில் பின்னால் இருந்தபடியே ஆட வேண்டியிருந்தது. 4-5, 5-6, 6-7 என்று மூன்று தடவை, தோற்றால் ஆட்டமே போச்சு என்ற நிலையில் அவர் சர்வ் போடுகிறார். இரண்டு தடவை தப்பித்துவிட்டார். ஒருவர் சர்வ் சுலபமாகப் போய்க்கொண்டே இருக்கிறது, மற்றவர் ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கரையேறுகிறார். தொகுப்பில் இது வரவே வராது, ஏனென்றால் சுலபமாக ஜெயித்த சர்வ் கேமை எந்த எடிட்டரும் வைக்க மாட்டார். ஆனால் மெக்கன்ரோவை அரித்தது அந்த சுலபம்தான் என்பது என் கட்சி. கடைசியில் 7-6இல், எட்டாவது மேட்ச் பாயின்டில், போர்க் இரண்டு கையாலும் அடித்த குறுக்கு பேக்ஹேண்ட் மெக்கன்ரோவைத் தாண்டிப் போகிறது.

அப்போது விம்பிள்டனில் கடைசி செட்டுக்கு டை-பிரேக் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். 1971இல் டை-பிரேக் வந்தபோது 8-8இல்தான் ஆடினார்கள், 1979இல்தான் 6-6க்குக் கொண்டுவந்தார்கள். அந்த மாற்றம் மட்டும் வராமல் இருந்திருந்தால் 1980இன் நாலாவது செட் 6-6இல் நின்றிருக்காது, இந்தப் புகழ்பெற்ற டை-பிரேக்கே நடந்திருக்காமல் போயிருக்கலாம்.

மற்ற விஷயங்களுக்கு வருகிறேன். மெக்கன்ரோ என்றால் நடுவரிடம் கத்துகிற ஆள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். அன்றைக்கு அவர் மைதானத்துக்குள் நுழையும்போதே கூட்டம் கூச்சல் போடுகிறது, அரையிறுதியில் ஜிம்மி கானர்ஸுடன் நடந்த வாக்குவாதத்தின் மிச்சம் அது. ஆனால் ஆட்டம் முழுக்க மனிதர் அடக்கமாக இருக்கிறார். அந்த எல்லோருக்கும் தெரிந்த கத்தல் அடுத்த வருடம், 1981 முதல் சுற்றில். போர்க்கை எதிர்த்து ஆடும்போது அவரிடம் ஒரு மரியாதை தெரியும். கூச்சலோடு வரவேற்ற அதே கூட்டம் முடிவில் அவருக்கு எழுந்து நின்று கைதட்டுகிறது.

அப்புறம் புல். டிவிடியைக் கொஞ்சம் நிறுத்தி, நெட்டுக்கு முன்னால் இருக்கிற தரையைப் பாருங்கள். சர்வ் போட்டுவிட்டு முன்னால் ஓடி, பந்து தரையில் படுவதற்குள் வாலி அடிப்பார்கள் என்பதால் அந்தப் பாதையில் புல் தேய்ந்து மண் தெரியும். பேஸ்லைனிலிருந்தே, அதாவது கோர்ட்டின் பின்கோட்டிலிருந்தே, ஆடுகிறவர் என்று பெயர் எடுத்த போர்க்கூட விம்பிள்டனுக்கு வந்தால் முதல் சர்வுக்குப் பின்னால் நெட்டுக்கு ஓடினார். 2008இல் நடால் ஃபெடரரை வென்ற ஃபைனலை எடுத்து அதே இடத்தைப் பார்த்தால் நெட் பக்கம் பச்சையாக இருக்கும், பேஸ்லைன் மட்டும் வறண்டு கிடக்கும். நடுவில் 2001இல் புல்லையே மாற்றி முழுக்க ரை புல் போட்டார்கள். பந்து எழும்பும் விதம் மாறியது, மட்டையும் மாறியது, ஆட்டமும் மாறியது. இந்த இரண்டு ஃபைனலையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் இதை யாரும் விளக்கவே தேவையில்லை.

மரமட்டைச் சத்தமும் வேறு. போர்க் மட்டையில் நரம்பை 80 பவுண்ட் அளவுக்கு இறுக்கிக் கட்டுவார், ராத்திரி ஹோட்டல் அறையில் அது தானாகவே படாரென்று அறும் என்பது பிரபலமான கதை. பாயின்டுக்கும் பாயின்டுக்கும் நடுவே துண்டு கேட்பது, பந்தை இருபது தடவை தட்டுவது எல்லாம் கிடையாது. சர்வ் கோட்டை மின்கதிரால் பார்த்து பீப் அடிக்கிற சைக்ளோப்ஸ் கருவி விம்பிள்டனுக்கு வந்ததும் அந்த வருடம்தான். பிபிசி வர்ணனை உள்ள பதிப்பு கிடைத்தால் விடாதீர்கள். டான் மாஸ்கெல் பேசுவதைவிடப் பேசாமல் இருக்கிற நேரம்தான் அதிகம். இன்றைய வர்ணனையாளர்களைக் கேட்டுப் பழகிய காதுக்கு முதலில் ஒலி போய்விட்டதோ என்று தோன்றும்.

நம்ம ஊர் ஆசாமி இதில் எங்கே வருகிறார் என்று கேட்டால், ஒரு வருடம் முன்னால். 1979 விம்பிள்டன் இரண்டாவது சுற்றில் விஜய் அமிர்தராஜ் இதே போர்க்கை 2-6, 6-4, 4-6, 7-6, 6-2 என்று ஐந்து செட் வரை இழுத்தார். இரண்டு செட்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தவர், நாலாவது செட் டை-பிரேக்கில் நழுவவிட்டார். அங்கே ஜெயித்திருந்தால் போர்க்கின் தொடர் வெற்றி மூன்றோடு நின்றிருக்கும், 1980 ஃபைனலுக்கு இத்தனை கனமே இருந்திருக்காது.

சரி, பார்ப்பதற்குச் சில உபயோகமான விஷயங்கள். அன்றைக்குப் பந்து வெள்ளை. விம்பிள்டன் மஞ்சள் பந்துக்கு மாறியது 1986இல்தான். பழைய விஎச்எஸ்ஸில், அதுவும் ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுத்ததில், பந்து கோட்டுக்குப் பக்கத்தில் வந்தால் காணாமல் போய்விடும். டிவியில் ஷார்ப்னஸை ஏற்றிப் பயனில்லை, கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் குறைத்தால் புல்லும் பந்தும் பிரியும். படத்தை 4:3இல் வையுங்கள், அகலத் திரைக்கு இழுத்துவிட்டால் மெக்கன்ரோ குண்டாகத் தெரிவார். கணினியில் பார்ப்பவர்கள் டீ-இன்டர்லேஸ் அமைப்பில் ‘பாப்’ வகையைப் போட வேண்டும். பிரிட்டிஷ் ஒளிபரப்பு நொடிக்கு 50 அரைப் படங்களாக வந்தது, அதை 25 ஆகச் சேர்த்துக் காட்டினால் சர்வ் போடும்போது பந்து விட்டு விட்டு ஓடும். யூடியூப் பதிவுகளில் பாதி இப்படித்தான் கெட்டிருக்கின்றன. வீட்டில் அசல் கேசட் இருந்தால் முதலில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், வெள்ளைப் படலம் தெரிந்தால் டெக்கில் போடவே கூடாது, டேப்பைப் படிக்கிற ஹெட் போய்விடும், அடுத்து போடுகிற கேசட்டுக்கும் ஒட்டும்.

ஒரே மூச்சில் பார்க்க முடியாது என்றால் முதல் செட்டைத் தாராளமாக விடலாம், போர்க் அதில் தூக்கத்தில் ஆடுகிறார். இரண்டாவதின் பின்பாதியிலிருந்து ஆரம்பியுங்கள். டை-பிரேக்கை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போவதாக இருந்தால் அந்தப் பத்து நிமிடத் தொகுப்பே போதும்.

இதைப் பார்த்து முடித்த வாரத்திலேயே 1981 ஃபைனலையும் பாருங்கள். அதே இரண்டு பேர், 4-6, 7-6, 7-6, 6-4 என்று மெக்கன்ரோ ஜெயித்தார், இரண்டு டை-பிரேக்கும் அவருக்கே போயின. விம்பிள்டனில் 41 ஆட்டம் தோற்காமல் வந்த போர்க்கின் ஓட்டம் அங்கே நின்றது. அதற்குப் பிறகு அவர் விம்பிள்டன் ஒற்றையரில் ஆடவே இல்லை, 26 வயதில் ஓய்வை அறிவித்துவிட்டார். ஆட்டமாகப் பார்த்தால் 1980க்கு அது உறை போடக் காணாது. ஆனால் போர்க்கின் சர்வை மட்டும் கவனித்துப் பாருங்கள், முந்தின வருடம் ஐந்தாவது செட்டில் பார்த்த ஆளா இவர் என்று நீங்களே கேட்பீர்கள்.