கோவைப் பக்கம் பம்ப், மில் கம்பெனிகளுக்கு நல்ல சாஃப்ட்வேர் ஆள் ஏன் அமைவதில்லை? சம்பளம்தான் காரணமா?

சம்பளமும்தான். ஆனால் பணம் இருந்தும் கம்பெனியின் சம்பள கிரேடு இடம் கொடுக்காது. ஃபேக்டரியில் சம்பளம் சர்வீஸை வைத்துப் போட்டது. 5 வருஷ அனுபவமுள்ள டெவலப்பருக்கு மார்க்கெட் ரேட் கொடுத்தால், 20 வருஷமாக மெஷின் ஷாப்பைக் கட்டி மேய்க்கும் மேனேஜரை அவர் தாண்டிவிடுவார். அந்தச் சண்டைக்கு பயந்தே எச்.ஆர். கிரேடுக்குள் அடங்குகிற ஆளைத் தேடும். சாஃப்ட்வேருக்கென்று தனி கிரேடு போட்டுவிட்டுத்தான் ஆள் தேடவே ஆரம்பிக்க வேண்டும்.

அடுத்தது நோட்டீஸ் பீரியட். பெரிய ஐ.டி. கம்பெனிகளில் பெரும்பாலும் 90 நாள். உங்கள் ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மூன்று மாதமும் வேறு இடங்களில் இன்டர்வியூ கொடுப்பார்கள். இங்கேயோ எம்.டி. எக்ஸிபிஷனுக்குப் போயிருந்தால் ஆஃபர் லெட்டரில் கையெழுத்தே ஆகாது; ஆனபிறகும் ஜாயினிங் தேதி வரை ஒரு போன் போகாது. 30 நாளுக்குள் வரக்கூடியவர்களை முதலில் பாருங்கள்.

இன்டர்வியூ எடுப்பது அக்கவுண்ட்ஸ் தலைவரும் ஈ.டி.பி. இன்சார்ஜும் (கம்ப்யூட்டர் பிரிவின் பழைய பெயர்; ஆமாம், இன்னும் பல இடங்களில் அதே பெயர்தான்). "டேலி தெரியுமா, பிரிண்டர் பார்ப்பீங்களா" என்றதுமே நல்ல ஆள் கிளம்பிவிடுவார். வெளியிலிருந்து ஒரு சீனியர் டெவலப்பரை இரண்டு மணி நேரத்துக்குக் காசு கொடுத்துக் கூப்பிடுங்கள். பம்ப்பை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெட்டின் ஒரு நாள் ரீடிங்கை எக்செல்லில் கொடுத்து, தப்பான வரிகளைப் பிடிக்கிற புரோகிராம் எழுதச் சொல்லுங்கள். ஆம்பியர் (மோட்டார் இழுக்கும் கரண்ட்) பூஜ்யம் என்றிருக்கும் வரியில் டிஸ்சார்ஜ் (வெளியே வரும் தண்ணீர்) மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்) சில இடங்களில் மீட்டரில், சில இடங்களில் அடியில் இருக்கும். "இது எந்த யூனிட் சார்?" என்று கேட்கிறவரை விடாதீர்கள்.

சேர்ந்தபின் ஓட்டுவது வேறு விஷயம். லேப்டாப்பில் அட்மின் உரிமை கிடையாது, புரோகிராம்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளம் பிளாக், எட்டரைக்கு பயோமெட்ரிக், சனிக்கிழமையும் வேலை. மாதாமாதம் மாறுகிற கிளவுட் (வாடகை சர்வர்) பில்லுக்கு பர்ச்சேஸ் மூன்று கொட்டேஷன் கேட்கும்! இதையெல்லாம் அவர் வருவதற்கு முந்தின வாரமே சரிசெய்யலாம், பெரிய செலவும் இல்லை.

சரிசெய்யக் கஷ்டமானது அவர் யாருக்குக் கீழே உட்காருகிறார் என்பது. அக்கவுண்ட்ஸுக்குக் கீழே போட்டால் வேலை இப்படித்தான் வரும்: "அந்த ஸ்டாக் ரிப்போர்ட்ல ஒரு காலம் (column) சேர்த்துக் குடுப்பா." இரண்டு வருஷம் இதைச் செய்தால் ரெஸ்யூமில் எழுத ஒன்றும் இருக்காது என்பது அவருக்குத் தெரியும். பிளான்ட் ஹெட்டுக்கோ நேராக எம்.டி.க்கோ கீழே வையுங்கள். ஒற்றை ஆளாக எடுக்காதீர்கள். அவர் எழுதிய புரோகிராமைப் பார்த்துச் சரி தப்பு சொல்ல ஆளிருக்காது, அவர் போனால் பாஸ்வேர்டும் கூடவே போகும். மூன்று நடுத்தர ஆளுக்கான பணம் இருந்தால் ஒரு சீனியர், ஒரு ஃப்ரெஷர். சீனியரை முதலில் எடுத்து, ஃப்ரெஷரை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.