மூளை முடக்குவாதம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் குழந்தைகளின் மூளை முடக்குவாதத்தைப் (செரிப்ரல் பால்சி; வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடலின் அசைவும் நிற்கும், உட்காரும் திறனும் குன்றும் நிலை) பற்றி வெளிவந்த கட்டுரையைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். குழந்தையை நேரில் பார்க்காமல் எழுதப்படும் பதில்கள் இவை என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

“என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். இப்போது எட்டு மாதக் குழந்தை. இடது கையை எப்போதும் மூடியே வைத்திருக்கிறாள். எதைக் கொடுத்தாலும் வலது கையால்தான் வாங்குகிறாள். குறைமாதக் குழந்தை அப்படித்தான் இருக்கும், இரண்டு வயது வரை பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். பொறுக்கலாமா?” (ஒரு தாய், தேனி)

பொறுக்க வேண்டாம். குறைமாதக் குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கும்போது முன்கூட்டிப் பிறந்த காலத்தைக் கழித்துக்கொள்வது வழக்கம். அப்படிக் கழித்தால் உங்கள் மகளுக்கு ஏறத்தாழ ஆறு மாதம்தான் ஆகிறது. உட்காரவில்லை, தவழவில்லை என்பதற்காக நீங்கள் எழுதியிருந்தால் இன்னும் சில வாரங்கள் பார்க்கலாம் என்றே சொல்லியிருப்பேன். ஆனால் கைகளின் கதை வேறு. முதல் ஆண்டு முடியும் முன்பே ஒரு குழந்தை ஒரு கையை மட்டும் விரும்பிப் பயன்படுத்துவது ‘வலது கைப் பழக்கம்’ ஆகாது. மற்றொரு கையை இயக்கும் மூளைப் பகுதியில் பாதிப்பு இருக்கக்கூடும் என்பதற்கான எச்சரிக்கை அது.

இரண்டு வயது வரை பார்ப்போம் என்ற பழைய வழக்கத்தை 2017-இல் வெளிவந்த ஒரு பன்னாட்டு அறிக்கை ஏறக்குறைய முடிவுக்குக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் அயோனா நோவாக் தலைமையில் எழுதப்பட்ட அந்த அறிக்கை, கழித்துக் கணக்கிட்ட வயதில் ஆறு மாதத்துக்கு முன்பே மூளை முடக்குவாதத்தைப் பெரும்பாலும் சரியாகக் கண்டறிய முடியும் என்று காட்டியது. அதற்குப் பயன்படும் முறைகளுள் ஒன்று, ஹெய்ன்ஸ் பிரெக்டல் என்ற நரம்பியல் அறிஞர் உருவாக்கியது. மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, விழித்திருக்கும்போது, கிலுகிலுப்பையோ பேச்சோ இல்லாமல் சில நிமிடங்கள் வீடியோ எடுக்கிறார்கள். அந்த வயதில் ஆரோக்கியமான குழந்தையின் கழுத்து, உடல், கை, கால் எங்கும் சின்னஞ்சிறு அசைவுகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். அவை இல்லாதிருப்பதைப் பயிற்சி பெற்ற கண் உடனே பிடித்துவிடும். உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள். ஆனால் குழந்தையின் அசைவுகளையும் தசை இறுக்கத்தையும் மதிப்பெண் இட்டுப் பார்க்கும், இரண்டு வயது வரை செய்யக்கூடிய ஹேமர்ஸ்மித் நரம்பியல் பரிசோதனையும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. படமும் இருக்கின்றன.

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில், டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழிகாட்டுவார்கள், குழந்தையைக் காட்டுங்கள். பாதிப்பு இன்னதென்று உறுதியாகாத நிலையிலும் பயிற்சியைத் தொடங்கலாம், தொடங்க வேண்டும். பயன்படுத்தப்படாத கையை மூளை மெல்ல மெல்லக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. வலது கைக்கு மென்மையான உறை போட்டுவிட்டு, இடது கையால் பிடிக்கத்தக்க பொருள்களை அந்தப் பக்கமாகவே வைத்து, தினமும் சிறிது நேரம் விளையாடவிடும் முறைக்கு நல்ல சான்று உண்டு. அதைப் பயிற்சியாளரிடம் கற்றுக்கொண்டு செய்யுங்கள். நீங்களாக நாள் முழுவதும் கட்டிவைத்துவிடாதீர்கள்.

“என் மகனுக்கு ஆறு வயது. நான்கு ஆண்டுகளாகத் தினமும் இரு வேளை பிசியோதெரபி. பிடித்துவிட்டால் உட்காருவான்; நிற்க முடியவில்லை. வெளியூரில் ஒரு மையத்தில் ஆறு மாதம் தங்கினால் நடந்துவிடுவான் என்கிறார்கள். வீட்டு மனையை விற்கலாமா என்று யோசிக்கிறேன். நடப்பானா?” (ஒரு தந்தை, விருதுநகர்)

மனையை விற்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்துக்கு வருகிறேன்.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேன்சைல்டு ஆய்வு மையத்தினர், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் இயக்கத்திறனை ஐந்து நிலைகளாகப் பிரித்து 1997-இல் வெளியிட்டார்கள். முதல் நிலைக் குழந்தை தடையின்றி நடக்கும்; மூன்றாம் நிலைக் குழந்தைக்கு வாக்கர் போன்ற கைப்பிடிக் கருவி வேண்டும்; ஐந்தாம் நிலைக் குழந்தைக்குத் தலையை நிமிர்த்திப் பிடிப்பதே பெரும்பாடு. பிறகு 657 குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்து, ஒவ்வொரு நிலையிலும் இயக்கத்திறன் எப்படி வளர்கிறது என்பதை வளைகோடுகளாக வரைந்து பீட்டர் ரோசன்பாமும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்டார்கள். லேசான பாதிப்புள்ள குழந்தைகள் தாங்கள் எட்டக்கூடிய திறனில் பத்தில் ஒன்பது பங்கை ஐந்து வயதுக்குள் எட்டிவிடுகிறார்கள். கடும் பாதிப்புள்ளவர்கள் மூன்று வயதுக்குள்ளேயே எட்டிவிடுகிறார்கள். ஆறு வயதில் பிடிமானத்தோடு மட்டும் உட்காரும் குழந்தை பின்னாளில் துணையின்றி நடப்பதை அந்த வளைகோடுகள் எதிர்பார்க்கவில்லை. உங்கள் மகன் எந்த நிலை என்பதை அவனைப் பார்க்கும் மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். அதைச் சொல்லாமல் ‘முயற்சி செய்வோம்’ என்று ஆண்டுகளைக் கடத்துவது பெற்றோர்மீது காட்டும் இரக்கம் என்று நான் நினைக்கவில்லை.

நான்கு ஆண்டு உழைப்பு வீணாகிவிட்டதா என்று நீங்கள் கேட்கலாம். வீணாகவில்லை. ஆனால் இனி அதன் திசையை மாற்றலாம். பிள்ளையைப் படுக்கவைத்து மற்றொருவர் கையால் காலை நீட்டி மடக்கிவிடுவது மட்டுமே பயிற்சி என்றால் பலன் மிகக் குறைவு என்பதையே ஆய்வுத் தொகுப்புகள் மீண்டும் மீண்டும் சொல்கின்றன. குழந்தை தானாகச் செய்ய விரும்பும் ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு, அந்தக் காரியத்தையே பழக்குவதுதான் பயன் தருகிறது. தட்டிலிருந்து சோற்றைத் தானே எடுத்து உண்பது, சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறும்போது தன் பங்குக்கு ஊன்றிக் கொடுப்பது, சட்டையின் ஒரு கையையாவது தானே நுழைப்பது போன்றவை அப்படிப்பட்ட இலக்குகள். நேரமும் நீங்கள் அஞ்சும் அளவுக்கு வேண்டியதில்லை. 2009-இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலியப் பரிசோதனையில், பெற்றோர் வீட்டில் சராசரியாக மாதத்துக்குப் பதினேழு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் செய்த பயிற்சியே எட்டு வாரங்களில் மாற்றம் காட்டியது. முப்பத்தாறு குழந்தைகளை மட்டும் கொண்ட சிறிய பரிசோதனைதான். ஆனாலும் தினம் இரு வேளை என்ற கணக்கை மறுபரிசீலனை செய்ய அது போதும்.

மனையை விற்று வரும் பணத்தில் ஒரு பகுதிகூடத் தேவைப்படாமல், உடல் அளவுக்குப் பொருந்திய ஒரு நல்ல சக்கர நாற்காலி கிடைக்கும். வாசலில் ஒரு சரிவுப் பாதை போடலாம். நாற்காலியில் உட்காரவைத்தால் நடக்கும் ஆசையே போய்விடும் என்று பல வீடுகளில் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். அந்த ஆண்டுகளில் பிள்ளை பள்ளியையும் தெருவையும் கூட்டாளிகளையும் இழக்கிறான். அவனுக்குப் பள்ளி உண்டா என்றும் நீங்கள் எழுதவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புள்ள குழந்தைக்கு ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு.

“நடக்க முடியாத என் மகளுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். அவளுக்கு வலியே இல்லை. எதற்கு?” (ஒரு தாய், மன்னார்குடி)

வலி வருவதற்கு முன்பே எடுக்கத்தான். நிற்காத, நடக்காத குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டின் கிண்ணம் ஆழமாக உருவாவதில்லை; தசை இறுக்கம் தொடை எலும்பின் தலையை வெளிப்புறமாக இழுத்துக்கொண்டே இருக்கும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்த நகர்வு இருந்தது. தடையின்றி நடக்கும் குழந்தைகளில் எவருக்கும் இல்லை. ஐந்தாம் நிலையில் பத்தில் ஒன்பது பேருக்கு இருந்தது. தெற்கு சுவீடனில் 1994 முதல் இத்தகைய எல்லாக் குழந்தைகளுக்கும் குறித்த இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். அதற்கு முன் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு முழுமையாக விலகிய இடுப்பு, பின்னர் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானது. விலகிய பிறகு செய்யும் அறுவை சிகிச்சை பெரியது, வலி மிகுந்தது. முன்கூட்டிச் செய்வது சிறியது. உடை மாற்றும்போது தொடைகளை அகற்றுவது நாளுக்கு நாள் கடினமாகிறதா, ஒரு முழங்கால் மற்றதைவிடத் தாழ்ந்து தெரிகிறதா என்று வீட்டிலும் பாருங்கள். எக்ஸ்ரேயைத் தவறவிடாதீர்கள், பழைய படங்களைத் தூக்கிப் போடாமல் தேதி எழுதி வையுங்கள்.

“பிரசவத்தின்போது நான் சரியாக முக்கவில்லை, அதனால்தான் பிள்ளை இப்படி ஆனான் என்று மாமியார் எட்டு ஆண்டுகளாகச் சொல்கிறார். தூக்கித் தூக்கி எனக்கு முதுகு போய்விட்டது. தாய்மார்களைப் பற்றி யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா?” (பெயர், ஊர் வேண்டாம்)

ஆராய்ந்திருக்கிறார்கள், அம்மா. முதலில் பழியைப் பற்றி. பிரசவச் சிக்கலே இந்நோயின் காரணம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் மருத்துவர் வில்லியம் லிட்டில் எழுதியதிலிருந்து அந்த எண்ணம் வேரூன்றியது. சிரமமான பிரசவமே, கருவில் ஏற்கெனவே இருந்த கோளாற்றின் அறிகுறியாக இருக்கலாம் என்று 1897-லேயே ஒருவர் ஐயம் எழுப்பினார். அவர் சிக்மண்ட் பிராய்டு. உளப்பகுப்பாய்வால் புகழ் பெறும் முன்பு அவர் குழந்தைகளின் முடக்குவாதத்தை ஆராய்ந்த நரம்பியல் மருத்துவர். அமெரிக்காவில் பல்லாயிரம் கருவுற்ற பெண்களைத் தொடர்ந்து கவனித்து, கரின் நெல்சனும் ஜோனாஸ் எல்லன்பெர்க்கும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு, பிரசவ நேர மூச்சுத்திணறலுக்கு இதில் சிறு பங்கே உண்டு என்று காட்டியது. நம் ஊர்களில் அந்தப் பங்கு கூடுதலாக இருக்கக்கூடும் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அப்படி நேர்ந்த இடங்களிலும் அதற்குக் காரணமாவது நஞ்சுக்கொடி, தொப்புள்கொடி, தாமதமான உதவி போன்றவை. ‘சரியாக முக்காத தாய்’ என்ற காரணம் எந்த ஆய்விலும் இல்லை. இந்தப் பத்தியை மாமியாருக்குப் படித்துக் காட்டலாம்.

அடுத்தது உங்கள் உடல். ஒன்டாரியோவில் 468 பராமரிப்பாளர்களிடம் நடத்திய ஆய்வு 2005-இல் வெளியானது. அவர்களில் பெரும்பாலோர் தாய்மார்கள். பிள்ளையின் நடத்தைச் சிக்கல்களும், ஊட்டுவது, தூக்குவது, குளிப்பாட்டுவது என்ற அன்றாடச் சுமையும், குடும்பத்தினர் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் விதமும் அவர்களது உடல்நலத்தையும் மனநலத்தையும் வெகுவாகத் தீர்மானித்தன. அதன் பொருள், உங்கள் முதுகுவலியும் பிள்ளையின் மருத்துவத்தில் ஒரு பகுதிதான் என்பது. அடுத்த முறை செல்லும்போது எட்டு வயதுப் பிள்ளையைத் தூக்காமல் மாற்றும் முறையையும், குளிக்கவைக்கச் சாய்வு நாற்காலியையும் கேளுங்கள். அதைக் கற்றுக்கொள்ள உங்கள் கணவரையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள். இத்தனை கடிதங்களில் தூக்குவதைப் பற்றி எழுதிய தந்தை ஒருவர்கூட இல்லை.

“தாதியர் பயிற்சி மாணவி நான். வெளிநாட்டு ஆய்வுகளை நம்முடைய பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்தலாமா?” (ஒரு வாசகி, யாழ்ப்பாணம்)

சில வேளைகளில் ஆபத்து. பிறக்கும்போது மூச்சுத்திணறிய குழந்தையின் உடலை மூன்று நாள் குளிர்வித்தால் மரணமும் ஊனமும் குறையும் என்று பணக்கார நாடுகளில் நிரூபணமாகி, அது அங்கு வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. அதையே சென்னை உட்பட இந்தியாவிலும் இலங்கையிலும் வங்கதேசத்திலும் 408 குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்த ஹீலிக்ஸ் ஆய்வு 2021-இல் வெளியானது. மரணமோ கடும் ஊனமோ குறையவில்லை. குளிர்விக்கப்பட்டவர்களில் 42 விழுக்காட்டினர் இறந்தார்கள். குளிர்விக்கப்படாதவர்களில் 31 விழுக்காடு. சோதிக்காமலே பின்பற்றியிருந்தால் நல்லது செய்வதாகவே நினைத்துக்கொண்டிருந்திருப்போம்.

மறுபுறம், இங்கேயே விளையும் அறிவும் உண்டு. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களுக்கே மறுவாழ்வுப் பணியாளர் பயிற்சி தந்து, செல்பேசிச் செயலியின் துணையோடு வீடுதேடி ஆரம்பகாலப் பயிற்சி அளிக்கிறது; அதன் பலன்களைக் கனடா ஆய்வாளர்களோடு சேர்ந்து ஆய்விதழ்களில் வெளியிட்டும் வருகிறது. மருத்துவமனை தொலைவில் உள்ள ஊர்களுக்கு ஒன்டாரியோவைவிட ஆய்க்குடி அதிகம் கற்றுத்தரும்.

“ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகும், இது ஓர் ஆராய்ச்சி, பெயரைப் பதிந்துகொள்ளுங்கள் என்று ஒரு மருத்துவமனையிலிருந்து அழைக்கிறார்கள். சேரலாமா?” (ஒரு தந்தை, ஈரோடு)

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, சில இரத்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவற்றைத் தவிர, ஸ்டெம் செல்லை (பிற வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) முறையாக அனுமதி பெற்ற மருத்துவப் பரிசோதனையில் மட்டுமே பயன்படுத்தலாம். மூளை முடக்குவாதத்துக்கு அது நிறுவப்பட்ட சிகிச்சை அன்று. ஆகவே அவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.-யின் பதிவு எண் என்ன? நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த கடிதம் எங்கே? தமிழில் எழுதிய ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கத் தருவீர்களா? பதிவு எண் கிடைத்தால் இணையத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். எத்தனை குழந்தைகள், என்ன மருந்து, யார் பொறுப்பு என்பதெல்லாம் அங்கே இருக்கும். உண்மையான ஆய்வென்றால் எந்த நேரத்திலும் விலகிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு, விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது. ஏழு வயதைத் தாண்டிய, புரிந்துகொள்ளக்கூடிய பிள்ளையென்றால் அவனிடமும் கேட்க வேண்டும். ஊசிக்கு இத்தனை லட்சம் என்று விலை சொல்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். விலை சொன்னால் மேற்கொண்டு எதையும் கேட்க வேண்டியதில்லை, அழைப்பைத் துண்டித்துவிடலாம்.